வண்டியை விட்டு இறங்காதே

1

போன சனிக்கிழமை பெர்த்தில் ஒரு கார் கழுவும் நிலையத்தில் என் மானம் போயிற்று. வண்டியைக் கூண்டுக்குள் விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். தண்ணீரும் நுரையும் தானாக வந்து அடித்துக் கழுவிவிடும். பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எத்தனையோ தடவை அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குப் பக்கவாட்டிலிருந்து முதல் தண்ணீர் கதவில் அறைந்ததும், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவிட்டேன். தலையிலிருந்து கால் வரை நுரை. அங்கே வேலை பார்க்கும் பெண் ஓடிவந்து ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். செல்போன் கீழே விழுந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

வண்டியை விற்பதற்காகத்தான் கழுவப் போனேன். நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய டீசல் வண்டி அது. ஒரு வருஷமாக வீட்டு வாசலில் தகரக் கூரைக்குக் கீழே சும்மா நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்ததும் போய் முடுக்கி, பேட்டரி செத்துவிடாமல் இருக்கக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு வருவேன். அவ்வளவுதான். பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி வாகன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வண்டி உபயோகத்தில் இருக்கிறதா, இல்லையா என்று அதில் இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று தெரியாமல் நான்கு நாள் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே வைத்திருந்தேன்.

என் மனைவி செல்வி இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். "நல்லா ஓடுத வண்டிய எதுக்கு விக்கணும்?" என்று கேட்டாள். அவளும் என்னைப் போல எட்டயபுரம் பக்கம்தான். பதினெட்டு வருஷத்தில் அவள் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. பெட்ரோல் டீசல் விலையைச் சொல்லித் தப்பித்தேன். உண்மை வேறு. எனக்குப் பயம். அந்த வண்டியின் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தால் உடனே இறங்கிவிடத் தோன்றுகிறது. இதை மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருப்பதால், முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

2

எனக்கு இந்த வண்டிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். நான் படிக்கிற காலத்தில் தார் ரோடு மூன்று மைலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். மழை பெய்தால் பஸ் வராது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ களிமண்ணோடு நடந்துபோய்ப் பஸ் ஏறுவோம். கோவில்பட்டியில் இறங்கி நடந்தால் கடைக்காரர்கள் காலைப் பார்த்தே எந்த ஊர்ப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு மழை நாளில், எங்கள் ஊருக்குள் வந்த ஒரே வண்டி தடுப்பூசி போடுகிறவர்களின் ஜீப். நான்கு சக்கரமும் சுற்றிச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அது ஏறி வந்ததைப் பார்த்த அன்றைக்கே என் மனசு அதில் விழுந்துவிட்டது.

பெர்த்தில் ஒரு மருத்துவமனையில் குளிரூட்டிகளைப் பராமரிக்கிற வேலை கிடைத்து, வீடு வாங்கி, மகள் கயல் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் என் ஆசை நிறைவேறியது. வாங்கியதோடு நிற்கவில்லை. கடற்கரை மணலிலும் உள்நாட்டுச் செம்மண்ணிலும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வகுப்புக்குப் போனேன். மணலில் இறங்கும் முன் டயரின் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அப்போதுதான் டயர் தட்டையாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். திரும்பித் தார் ரோட்டில் ஏறியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும். கடலுக்குப் போய்வந்தால் வண்டியின் அடிவயிற்றை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லையென்றால் உப்பு அரித்துவிடும். எண்ணெய் எப்போது மாற்றினேன், வடிகட்டி எப்போது மாற்றினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். தன் பிரசவ நோட்டைக்கூட நான் இவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்று செல்வி இன்றும் குத்திக்காட்டுவாள்.

அந்த வகுப்பில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. எங்கே சிக்கினாலும் வண்டியை விட்டு இறங்கிப் போகக் கூடாது. இந்த நாட்டில் இருநூறு மைலுக்கு ஒரு வீடு இருக்காது. உதவி தேடி நடந்து போனவர்கள்தான் செத்துப்போகிறார்கள், வண்டியோடு இருந்தவர்களை விமானத்திலிருந்து பார்த்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். வகுப்புக்குக் கயலும் வந்திருந்தாள், அப்போது அவளுக்குப் பத்து வயசு. அந்த விதியைப் பிள்ளைகளை மூன்று தடவை உரக்கச் சொல்லச் சொன்னார் ஆசிரியர். கயல்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். நான் பெருமையாகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டேன்.

என் அண்ணன் சீனிச்சாமி ஊரில் விவசாயம் பார்க்கிறான். நான் நச்சரித்ததால்தான் அவனும் கோவில்பட்டியில் ஒரு பழைய ஜீப் வாங்கினான். மாட்டுக்குச் சோளத்தட்டை ஏற்றுவான், மிளகாய் மூட்டை ஏற்றுவான். ஆனால் மேகம் இருட்டினால் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுச் சாவியை ஆணியில் மாட்டிவிடுவான். மழைக்குத்தானே இந்த வண்டி என்று போனில் கேலி செய்வேன்.

"ஏலே, கரிசலுக்கு நாலு சக்கரமும் ஒண்ணுதான், ரெண்டு சக்கரமும் ஒண்ணுதான். மழைன்னா வீட்ல கெடக்கணும்லே. ஒங்க ஊரு மணலு மாதிரி இது சொன்ன பேச்சு கேக்காது" என்பான்.

அவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

3

போன வருஷம் புரட்டாசி கடைசியில், பள்ளி விடுமுறைக்கு நானும் கயலும் மட்டும் ஊருக்குப் போனோம். செல்விக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கயலுக்குப் பதினைந்து வயசு. அவள் வர இஷ்டப்படவில்லை, நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். நாம் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயசு. காதில் எந்நேரமும் எதையாவது மாட்டியிருப்பாள். இந்தப் பிள்ளை என் பேச்சைக் கேட்பதே இல்லை என்று ஊரில் கண்டவரிடமெல்லாம் புலம்பினேன். அண்ணன் மனைவியான மதினிதான் அவள் பக்கம் பேசினாள். "அது என்ன செய்யும் பாவம், நீங்க பேசுத தமிழு ஒங்களுக்கே வெளங்குதா கொழுந்தனாரே?" என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணனின் ஜீப்பை எடுத்துக்கொண்டு, எங்கள் புஞ்சையைக் காட்ட அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தார் ரோட்டிலிருந்து தெற்கே வண்டிப்பாதை இறங்கும். கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடை குறுக்கே போகும். வருஷத்தில் பத்து நாள்கூடத் தண்ணீர் வராத ஓடை, வெறும் மணலும் சீமைக்கருவேலமும்தான். அதைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் புஞ்சை. பெர்த்திலிருந்து கொண்டுபோன என் சாமான்களையெல்லாம் ஜீப்பில் போட்டுக்கொண்டேன். காற்று இறக்குகிற கருவி, அழுத்தம் பார்க்கிற அளவுமானி, இழுக்கிற பட்டை. மதுரை விமான நிலையத்தில் அந்தப் பட்டையை எடுத்துப் பிரித்துப் பார்த்து இது எதுக்கு சார் என்று கேட்டிருந்தார்கள். வண்டி சிக்கினால் இழுக்க என்றேன். இங்கே டிராக்டர் இருக்கே சார் என்றார் அந்த அதிகாரி.

அண்ணன் மேற்கே கையை நீட்டினான். "கோயில்பட்டிப் பக்கம் காலையிலேருந்து கறுத்துக் கெடக்கு. தூத்தல் விழுந்தா மறு நிமிசம் வண்டியத் திருப்பிரணும். ஓடையத் தாண்டி ரோட்டுக்கு வந்திரணும், என்ன?"

"சரிண்ணே."

"சரிங்காத. செய்யி."

அந்த வருஷம் ஊரே புழுதி விதைப்பு விதைத்திருந்தது. மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை வந்தால் முளைக்கும். வராவிட்டால் விதை எறும்புக்கும் குருவிக்கும். அண்ணன் உளுந்தும் சோளமும் விதைத்து இருபது நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதிலேயே தெரிந்தது. அண்ணன் சாப்பிடும்போதுகூட வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான்.

புஞ்சையில் கயலுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுப்பு மண், பாளம் பாளமாக வெடிப்பு. "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். திரும்பிக் கிளம்பினோம். பாதி தூரம் வந்திருப்போம், முன்கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. புளியங்கொட்டை அளவு. அடுத்தது, அதற்கடுத்தது. மண் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

நான் வண்டியை நிறுத்திவிட்டேன்.

இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை கூசுகிறது. ஒரு புத்தியுள்ளவன் என்றால் வேகத்தைக் கூட்டியிருப்பான். ஆனால் அந்தச் சீமையில் பிறந்தவன் முதல் மழைக்கு வண்டிக்குள் உட்கார்ந்திருக்க மாட்டான். எங்கள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எச்சில் கையோடு எழுந்து வெளியே வருவார், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்ணில் நிற்பார். யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் அப்படியே இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். கயலையும் இறக்கினேன். விதை மண்ணுக்குள் கிடக்கிறது, பெரியப்பா இன்றைக்குத் தூங்குவார் என்றெல்லாம் அவளிடம் கத்தினேன். அவள் முதலில் தலையை மூடிக்கொண்டாள், பிறகு கையை விரித்து நின்றாள், பிறகு சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். இருபது நிமிஷம் இருக்கும்.

4

மறுபடி ஏறி உட்கார்ந்து கிளப்பியபோது பாதை முற்றிலும் வேறாகியிருந்தது. கரிசலில் சேறு வண்டியின் கீழே போகாது, வண்டியோடு கூடவே வரும். டயரில் ஒட்டி, டயரே தெரியாமல் உருண்டு, மட்கார்டு இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது. கியருக்குப் பக்கத்துச் சின்னக் கம்பியை இழுத்து நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றினேன். நான்கும் சேர்ந்து வழுக்கின. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் வண்டி இஷ்டப்பட்ட பக்கம் போயிற்று. கயல் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பயம் தட்டியது. ஆனாலும் நான் படித்தவன், சான்றிதழ் வாங்கியவன் என்ற நினைப்பு இருந்தது.

ஓடைக் கரையில் பிரேக்கை மிதித்தும் நிற்காமல் வண்டி தானாகச் சறுக்கி உள்ளே இறங்கி நடுவில் நின்றது. எதிர்க்கரையில் ஏற்ற முயன்றேன். சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை. குனிந்து பார்த்தேன். கீழே மணல். எனக்கு ஒரே சந்தோஷம். மணல் என்றால் எனக்குத் தெரியுமே! பெர்த் கடற்கரையில் எத்தனை தடவை செய்திருக்கிறேன். காற்றை இறக்கினால் முடிந்தது.

"நீ உள்ளேயே இரு. என்ன ஆனாலும் வண்டியை விட்டு இறங்காதே" என்று கயலிடம் சொன்னேன். விதி அவளுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியுமே.

நான்கு டயர். ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிஷம். முன்னால் இரண்டை முடித்தேன், இடது பின்பக்கத்தை முடித்தேன். வலது பின்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று இறங்குகிற சீற்றம் காதை அடைத்திருந்தது. அதனால்தான் வடகரையிலிருந்து ஒரு பெண் கத்தியது முதலில் எனக்குக் கேட்கவில்லை.

நாற்பது வயசு இருக்கும். மழைக்காக உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தாள். பின்னால் ஆடுகள். "ஏ அண்ணாச்சி! அங்கன என்ன செய்யுதீய? ஏறுங்க, மேல ஏறுங்க!"

ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினேன்.

"நிமிசமா? ஏட்டி, வண்டிக்குள்ள இருக்க பிள்ள! எறங்கி ஓடியா!"

"நீ இறங்காதே கயல்!" என்று நான் கத்தினேன். முன்பின் தெரியாத ஒருத்தி என் மகளுக்கு உத்தரவு போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷத்தில் காற்று இறங்கிவிடும், வண்டி ஏறிவிடும்.

அவள் கையிலிருந்த கம்பைப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் சறுக்கி இறங்கினாள். என் பக்கம் வரவில்லை. நேரே வண்டியின் மறுபக்கத்துக்குப் போய்க் கதவைத் திறந்து, கயலின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கயல் இரண்டு கையாலும் இருக்கையைப் பற்றிக்கொண்டு வர மறுத்தாள். அந்தப் பெண் அவள் இடுப்பில் கைகொடுத்துப் பிய்த்து எடுத்தாள்.

நான் எழுந்து கத்தினேன். என் மகளைத் தொடாதே, கையை எடு, போலீஸைக் கூப்பிடுவேன். எல்லாம் ஆங்கிலத்தில். நான் பிறந்த ஊரிலிருந்து மூன்று மைலில் நின்றுகொண்டு, ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணிடம், ஒரு வார்த்தை தமிழ் வராமல் ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெள்ளம் வருதுய்யா கிறுக்கா!" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் என் பாதத்தில் ஏதோ பட்டது. தண்ணீர். வண்டிக்கு அடியிலிருந்து வந்தது, நுரையும் ஆட்டுப் புழுக்கையும் முள்ளும் மிதந்துகொண்டு. நான் வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்து மேற்கே பார்த்தேன். சுவர் போலெல்லாம் வரவில்லை. ஓடையின் முழு அகலத்துக்கும் பழுப்பாக ஒரு விரிப்பு, அதற்கு முன்னால் உருண்டு வருகிற முள் குவியல். அது வருகிற வேகத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. கரைமேல் நின்ற கயல் "அப்பா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலுக்குத்தான் ஓடினேன்.

மேலே ஏறி நான் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் ஜீப்பின் இருக்கை அளவு வந்திருந்தது. கயலின் பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. அது வழியாகப் புகுந்து மறுபக்கம் வழிந்தது. பிறகு வண்டி மெதுவாகத் தூக்கி, நகர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. கயலின் ஒரு செருப்பு மிதந்து போயிற்று. எனக்கு வாந்தி வந்தது, எடுத்தேன்.

அந்தப் பெண் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து, சாக்கைக் கழற்றிக் கயலுக்குப் போர்த்தினாள். "ரோட்டுக்குப் போயிருங்க. அங்கன நிழற்குடை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

5

அண்ணன் ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கயலின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த மதினியையும் பேசவிடவில்லை. என்னை மட்டும் வாசலுக்குக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டான். "தூத்தல் விழுந்ததும் திருப்பலையாலே?"

"நின்னுட்டேன்ணே. மழைய பாத்துட்டு எறங்கி நின்னுட்டேன்."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். வானத்தைப் பார்த்தான். "நானும் நின்னுதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அது எனக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

இன்ஷூரன்ஸ் ஆள் வந்து பார்த்தார். ஓடையில் படுத்திருந்த ஜீப்பை டிராக்டர் கட்டி இழுத்துக் கரையேற்றியிருந்தார்கள். ஜீப்புக்குள் சிக்கிக் கிடந்த என் பட்டைதான் உதவியது. என் இந்திய லைசென்ஸ் காலாவதியாகி எத்தனையோ வருஷம், சர்வதேச அனுமதிச்சீட்டைக் காட்டினேன். அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். படிவத்தில், விபத்தைத் தவிர்க்க ஓட்டுநர் எடுத்த நடவடிக்கை என்று ஒரு இடம் இருந்தது. "என்ன சார் எழுத? மழை ஆரம்பிச்சதும் என்ன செஞ்சீங்க?" என்று பேனாவோடு கேட்டார். செருப்பைக் கழற்றினேன் என்று எப்படிச் சொல்வது? வண்டியில் கோளாறு என்று எழுதச் சொல்லிவிட்டேன். என் மடத்தனத்தை அந்தப் பழைய ஜீப்பின் தலையில் கட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பெண்ணை விசாரித்துக்கொண்டு நானும் கயலும் போனோம். பெயர் வேலம்மாள், பக்கத்து ஊர்தான். ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.  அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு என்னமோ இங்கிலீசுல கத்துனீயளே அண்ணாச்சி, என்ன சொன்னீய?"

"வெள்ளம் வருது, நீங்களும் ஏறிருங்கன்னு சொன்னேன்."

"அப்படியா. நான்கூட வையுதீயளோன்னு நெனச்சேன்" என்று சிரித்தாள். கயல் என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு ஆட்டுக்குட்டியைத் தடவப் போய்விட்டாள். நன்றி என்ற வார்த்தையை நான் சொன்னேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பெர்த் விமான நிலையத்தில் இறங்கும் முன் ஒரு அட்டை கொடுப்பார்கள். உங்கள் பொருள்களில் மண் ஒட்டியிருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். எனக்குப் பொய் சொல்லப் பயம், ஆம் என்று குறித்தேன். அதிகாரி என் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தார். களிமண் காய்ந்து கல்லாகி இருந்தது. அவர் ஒரு பிரஷை வைத்து எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பிறகு உள்ளே கொண்டுபோய் ஏதோ மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் கொண்டுவந்தார். பொறுமையான மனிதர். என்ன பயிர் விளையும் மண் என்று கேட்டார். உளுந்து என்பதற்கு எனக்கு அந்த நேரத்தில் ஆங்கிலம் வரவில்லை.

6

செல்வியிடம் ஜீப் வெள்ளத்தில் போய்விட்டது என்று சொன்னேன், அதற்குள் கயல் இருந்ததைச் சொல்லவில்லை. கயலும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனால் ஒரு வருஷமாகச் சேர்ந்தே மறைத்தோம். அண்ணனிடமும் மதினியிடமும் நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான். பிள்ளை பயத்தில் உறைந்து போய்விட்டாள், இருக்கையை விடவே இல்லை, அந்தப் பெண் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நானே அதை நம்பியும் இருந்தேன். சின்னப் பிள்ளை, பயப்படாமல் என்ன செய்யும்?

என் பயம் வேறு மாதிரி வளர்ந்தது. வானிலைச் செய்தியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்ப்பேன். இந்த ஊரில் மழைக்காலம் அமைதியாகத்தான் வரும், போகும். ஆனாலும் வேலையில் தகரக் கூரைமேல் சத்தம் கேட்டால் கயலின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்வேன். அவள் பஸ்ஸில் வருகிறாளா, பஸ் எந்த வழியாக வருகிறது, அந்த வழியில் பள்ளம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்து அலுவலகப் பெண்மணிக்கு என் குரல் பழகிவிட்டது. செல்வி என்னை டாக்டரிடம் போகச் சொல்கிறாள்.

கார் கழுவும் நிலையத்திலிருந்து நனைந்துபோய் வீட்டுக்கு வந்த அன்று செல்வி வேலையில் இருந்தாள். கயல் வாசல் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பதினாறு வயசு. என்னையும் இருக்கையில் ஊறிக் கிடந்த தண்ணீரையும் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. தண்ணீர் அடித்ததும் பயந்து இறங்கி ஓடிவிட்டேன் என்றேன். வண்டியை விற்கப் போகிறேன் என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"அன்னைக்கு நானும் பயந்தேன்" என்றாள்.

"தெரியும்டா. உறைஞ்சு போயிட்டே. அந்த அம்மா வர்ற வரைக்கும் தண்ணி வந்தது உனக்குத் தெரியவே இல்லை."

அவள் ஷூ கயிற்றைக் கட்டி முடித்தாள். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் மேற்கு. நான் மறுபக்கம் சக்கரத்தில் குனிந்திருந்தேன். எனக்குத்தான் வண்டி மறைத்தது, அவளுக்கு எதுவும் மறைக்கவில்லை. முதலில் நுரை வந்ததாம், பிறகு முள். வளைவில் திரும்பி அது பெரிதாகிக்கொண்டே வந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அப்பா அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை. கதவின் கைப்பிடியில் கையை வைத்தாளாம். அப்போதுதான் நான், நீ இறங்காதே கயல் என்று கத்தினேனாம். கையை எடுத்துவிட்டாளாம்.

"உறைஞ்செல்லாம் போகலை. தண்ணி வருது, எனக்குத் தெரியும். நீங்க சொன்னீங்க. அதான்" என்றாள் தமிழில்.

அந்தப் பிள்ளை இருக்கையை இறுகப் பிடித்திருந்தது பயத்தால் இல்லை. நான் சொன்னதைக் கேட்டதால். என் பேச்சைக் கேட்பதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்தப் பிள்ளை.

 அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"அந்த அம்மா வராம இருந்திருந்தா?"

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பொய் வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

"உக்காந்தே இருந்திருப்பேன், அப்பா" என்றாள்.